சத்தம் வருது, வார்த்தை வரலை

மைக் செட் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை குழாய்?" என்பதுதான். குழாய் என்றால் கூம்பு ஒலிபெருக்கி. நாலு என்றால் சின்ன விழா, எட்டு என்றால் பெரிய விழா, பதினாறு என்றால் கட்சிக் கூட்டம். எந்தக் குழாய்க்கும் எந்தக் குழாய்க்கும் இடையே எத்தனை அடி என்று கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் பேச்சு புரிவதும் புரியாததும் பெரும்பாலும் அந்த அடிக் கணக்கில்தான் இருக்கிறது. ராயப்பேட்டையில் ஒரு தெருவில், ஒரு ராமநவமி உபன்யாசத்தின்போது இந்த விஷயத்தோடு நேரடியாக மல்லுக்கட்ட வேண்டி வந்தது. அதைப் பற்றி எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. சத்தம் எத்தனை வேகத்தில் போகும் என்பதை நம் சென்னையிலேயே, 200 வருடங்களுக்கு முன்பே அளந்திருக்கிறார்கள். அளந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். நுங்கம்பாக்கத்தில் இருந்த வான ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர். அண்ணா சாலைப் பக்கம் இருக்கிற ராஜாஜி மண்டபத்தைக் கட்டியவரும் அவரே. 1820, 1821 ஆண்டுகளில் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை வெடிக்கிற பீரங்கியை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தார். நுங்கம்பாக்கத்தில் ஆட்களை நிறுத்தி, பீரங்கியின் வெளிச்சம் தெரிவதற்கும் சத்தம் கேட்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்து எண்ணச் சொன்னார். பரங்கிமலை சுமார் 29,500 அடி தூரம். கோட்டை சுமார் 13,900 அடி. மலையிலிருந்து சத்தம் வந்து சேர ஏறக்குறைய 26 விநாடி, கோட்டையிலிருந்து 12 விநாடி. வெயில் காலத்தில் சத்தம் வேகமாக வருகிறது, குளிர் மாதங்களில் மெதுவாக வருகிறது என்பதையும் மாதவாரியாகக் கண்டு எழுதினார். 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது.

சென்னையின் சித்திரை மாத மாலைக்கு, 30 டிகிரி சூட்டுக்கு, சத்தத்தின் வேகம் விநாடிக்கு சுமார் 350 மீட்டர். இந்த ஒரு எண் போதும். 35 மீட்டருக்குப் பத்தில் ஒரு விநாடி. ஓர் அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி, துல்லியமாகச் சொன்னால் அதற்குச் சற்றுக் குறைவு. இனி தெருவுக்கு வருவோம்.

1986 என்று ஞாபகம். எங்கள் தெரு நீளமான தெரு. ஒரு கோடியில் மேடை, மறு கோடி வரை கீற்றுப் பந்தல். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு குழாய். அங்கிருந்து 200 அடி தள்ளி, தெருவின் பின்பாதிக்காகக் கம்பத்தில் இன்னும் இரண்டு குழாய். மைக் செட் வைத்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஜாம் பஜார் பக்கம் கடை. கோவில், மசூதி, மாதா கோவில் எந்த விழா என்றாலும் அவர்தான். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருப்பார்.

முதல் நாளே புகார் வந்தது. பின்பாதித் தெருவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற பாட்டி, இடுப்பு உடைந்து அதற்குமேல் நடக்க முடியாதவர், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சத்தம் வருதுப்பா, வார்த்தை வரலை." வருடம் பூராவும் அவர் காத்திருப்பது அந்தப் பத்து நாளுக்குத்தான். கமிட்டிக்காரர்கள் பாயிடம் போய் வால்யூமைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினார். இரண்டாம் நாள் சத்தம் இன்னும் நன்றாக வந்தது, வார்த்தை இன்னும் மோசமாகப் போயிற்று. மூன்றாம் நாள், செட் சரியில்லை, பேசிய பணத்தில் பாதிதான், அடுத்த வருடம் வேறு ஆள் என்று கமிட்டி பேச ஆரம்பித்துவிட்டது.

நடந்தது இதுதான். உபன்யாசகர் "ராமன்" என்கிறார். கம்பியில் அது அந்த நொடியே 200 அடி தள்ளியிருக்கும் குழாய்க்குப் போய்விடுகிறது. பாட்டிக்குப் பக்கத்துக் குழாய் முதலில் "ராமன்" என்கிறது. மேடைக் குழாயிலிருந்து கிளம்பிய அதே "ராமன்" காற்றில் நடந்து வருகிறது. 61 மீட்டர், 174 மில்லி விநாடி. நிதானமாகப் பேசுகிறவர் விநாடிக்கு ஐந்தாறு அசை பேசுவார். அதாவது ஓர் அசைக்கு ஏறக்குறைய அதே 170, 200 மில்லி விநாடிதான். ஆகவே பக்கத்துக் குழாய் "மன்" சொல்லும்போது தூரத்துக் குழாயின் "ரா" வந்து அதன் தலையில் உட்காருகிறது. ஒவ்வோர் அசைமேலும் முந்தைய அசை. வால்யூமைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து கூடுகிறது. வார்த்தை எப்படி வரும்?

இதைப் பாயிடம் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது. முப்பது வருடம் மைதானங்களில் நின்றவருக்குப் புரியாமல் இருக்குமா? மறுநாள் காலை மூன்று சக்கர சைக்கிள் நிறைய ஒயர் சுருள்களோடு வந்து இறங்கினார். "பின்னாடி குழாய்க்கு லேட்டா போவணும், அவ்ளோதானே சார்? ஒயர நீட்டிட்டா சுத்திக்கினு லேட்டா போவும். ஸ்டூடியோவுல வேலை பாத்த ஒருத்தர் சொன்னாரு."

பலரும் நம்புகிற விஷயம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, தண்ணீர்க் குழாயை நீட்டினால் தண்ணீர் தாமதமாக வருகிறதே. ஆனால் கம்பியில் மின் அலை போகும் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அவர் கொண்டுவந்த 300 மீட்டர் ஒயர் தரும் தாமதம் ஒன்றரை மைக்ரோ விநாடி. எந்தக் காதுக்கும் அது எட்டாது. எங்களுக்கு வேண்டிய 174 மில்லி விநாடிக்குக் கிட்டத்தட்ட 35,000 கிலோமீட்டர் ஒயர் வேண்டும். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒயர் இழுத்தால்கூட மூன்றரை மில்லி விநாடி. அந்தத் தாமதம் வேண்டுமென்றால் கேட்கிறவர் நாலு அடி பின்னால் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

வாய்க்கணக்கு பாய்க்குப் போதவில்லை, அது நியாயமும்கூட. இரண்டு குழாயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்றுக்கு மூன்று மீட்டர் ஒயர், இன்னொன்றுக்கு அத்தனை சுருளும். மைக்கைத் தட்டினார். இரண்டிலும் ஒரே 'டொக்'. நீள ஒயர் குழாயில் சத்தம் மட்டும் கொஞ்சம் இளைத்திருந்தது. பாய் மறுபடி தட்டினார். பிறகு ஒயரை ஒன்றும் சொல்லாமல் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே ஒரு கேள்வி போட்டார் பாருங்கள்: "அப்ப டிரங்க் கால்ல மட்டும் ஏன் சார் பேச்சு லேட்டா வருது?"

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. சில கால்கள் அப்போது இன்சாட் செயற்கைக்கோள் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேச்சு ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர், கால் விநாடி. அதுதான் அந்தத் தாமதம். பாய் சொன்னார்: "அப்ப நம்ம ஒயரு ஆகாசத்துக்குப் போவணும்."

கம்பியையே மெதுவாக்கவும் வழி இருந்தது. நீண்ட தொலைபேசிக் கேபிளில் உயர்ந்த சுரமும் தாழ்ந்த சுரமும் வேறு வேறு வேகத்தில் போய், பேச்சு கொழகொழத்துப் போகும். அதைச் சரிசெய்ய கேபிளில் தூண்டலைச் சேர்க்கவேண்டும் என்று ஆலிவர் ஹெவிசைடு சொன்னார். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு சுருள் வைக்கும் முறையைப் பூபின் 1900-ஐ ஒட்டி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நாங்கள் லோடிங் காயில் என்போம். 6,000 அடிக்கு ஒன்று, 88 மில்லி ஹென்றி. அப்படிச் சுருள் வைத்த கேபிளில் பேச்சு தெளிவாகப் போகும், ஆனால் மெதுவாக, விநாடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர். சாதாரண ஒயரைப்போல் பத்தில் ஒரு பங்கு வேகம். அதிலேயே எங்கள் 174 மில்லி விநாடிக்கு 3,480 கிலோமீட்டர் வேண்டும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை இழுத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கேபிளை விட்டுவிட்டு, சுருளும் கண்டென்சரும் மட்டும் வைத்து மேஜைமேல் அதே வேலையைச் செய்யலாம். ஒரு சுருள், ஒரு கண்டென்சர் சேர்ந்த படிக்கு 0.09 மில்லி விநாடி தாமதம். 1,900 படி கட்டவேண்டும். ராமநவமி அதற்குள் அடுத்த ராமநவமியாகிவிடும்.

காற்றையே குழாயில் அடைத்துத் தாமதம் பண்ணியவர்களும் உண்டு. 1971-ல் அமெரிக்காவில் கூப்பர் டைம் கியூப் என்று ஒரு பெட்டி வந்தது. உள்ளே இருந்தது சுருட்டி வைத்த பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் சத்தத்தைக் கொடுத்து மறு முனையில் எடுத்தார்கள். கிடைத்தது 14, 16 மில்லி விநாடி. எங்களுக்கு வேண்டியதற்கு அதைப்போல் 11 மடங்கு, அதாவது 61 மீட்டர் தோட்டக் குழாய். அவ்வளவு நீளம் போனால் கடைசியில் ஒன்றும் கேட்காது.

எங்களுக்குக் கைகொடுத்தது டேப். என் அண்ணாவிடம் ஒரு பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது, மூன்று ஹெட் உள்ளது. முதல் ஹெட் அழிக்கும், இரண்டாவது பதியும், மூன்றாவது படிக்கும். டேப் விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும். பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே 4 சென்டிமீட்டர். ஆக, பதிந்த வார்த்தை 210 மில்லி விநாடி கழித்துத்தான் படிக்கும் ஹெட்டுக்கு வந்துசேரும். மேடைக் குழாய்களுக்கு மைக்கிலிருந்து நேராக, பின்குழாய்களுக்கு இந்த டேப் வழியாக, இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர். ஒரு ரீல் அரை மணியில் தீர்ந்துவிடும் என்பதால் டேப்பை வளையமாக ஒட்டினோம். ஒட்டுப் போடும்போது நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டவேண்டும், அப்போதுதான் ஒட்டு கடக்கும்போது 'டக்' என்று கேட்காது. வளையம் தொங்கிவிடாமல் இருக்க ஒரு கோலி சோடா பாட்டிலைச் சுற்றி ஓடவிட்டோம்.

ஒரு சிக்கல் மிச்சம். வேண்டியது 174, டேப் தருவது 210. ஹெட்டையும் நகர்த்த முடியாது, டேப் வேகத்தையும் மாற்ற முடியாது. நான் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். பாய்தான் சொன்னார்: "டேப்பு நகராதுன்னா கம்பம் நகரட்டும் சார்."

கம்பத்தை 23 அடி பின்னால் தள்ளினோம். மேடையிலிருந்து 68 மீட்டர். மேடைச் சத்தம் அங்கே வர 194 மில்லி விநாடி. டேப் சத்தம் 210. பின்குழாய் 16 மில்லி விநாடி பிந்தி ஒலிக்கும். அந்தப் பிந்தல் வேண்டுமென்றே விட்டது. 1949-ல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் ஆராய்ந்து கண்டது இது. ஒரே சத்தம் இரண்டு இடத்திலிருந்து, 30 மில்லி விநாடிக்குள் முன்பின்னாக வந்தால், காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். முதலில் வந்த திசையிலிருந்துதான் எல்லாம் வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவது ஓரளவு உரக்க இருந்தாலும் ஏமாறாது. ஆக, பலத்தைக் கொடுப்பது பக்கத்துக் குழாய், பேர் வாங்குவது மேடை. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் 1950-களின் தொடக்கத்தில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். அங்கே டேப்புக்குப் பதில் சுழலும் காந்தச் சக்கரம். பேசினால் எதிரொலியிலேயே கரைந்துபோகிற அந்த மாளிகையில் பிரசங்கம் புரிய ஆரம்பித்ததாம்.

இன்னொன்றும் செய்தோம். கம்பத்துக் குழாய் இரண்டும் முன்பு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டையும் மேடைக்கு முதுகு காட்டித் திருப்பினோம். தாமதக் கணக்கு மேடையிலிருந்து விலகிப் போகும் திசையில்தான் செல்லும். குழாய் மேடையைப் பார்த்தால் நடுவில் இருப்பவர்களுக்கு வார்த்தை மறுபடி இரட்டையாகிவிடும்.

ஐந்தாம் நாள் மாலை. அன்றைக்கு குகப் படலம். பாய் டேப்புக்குப் பக்கத்திலேயே குந்தி, சோடா பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் திண்ணையோரம் போய் நின்றேன். குழாய் தலைக்கு மேலே இருக்கிறது, குரலோ தெருக் கோடியில் மேடையிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. தெரிந்த கணக்குதான், இருந்தாலும் உடம்பு சிலிர்த்தது. பாட்டி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கதை கேட்கும்போது பேசக்கூடாது என்று கையைக் காட்டிவிட்டார். குகனை ராமன் தம்பியாக ஏற்றுக்கொள்ளும் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முந்தைய நான்கு நாளும் அவர் கண் கலங்கி நான் பார்க்கவில்லை. சத்தத்துக்கு யாரும் அழுவதில்லை, வார்த்தைக்குத்தான் அழுகிறார்கள்.

கமிட்டி பாய்க்கு முழுப் பணத்தையும் கொடுத்தது. அடுத்த வருடமும் அவரே வந்தார். கம்பம் நட வேண்டிய இடத்தை அதற்கு முன்பே சுவரில் சுண்ணாம்பால் குறித்து வைத்திருந்தார்.

அந்த டேப் வளையம் மூன்று வருடம் ஓடியது. தினமும் புது வளையம் ஒட்டவேண்டும், தூசி பட்டால் ஹெட்டைத் துடைக்கவேண்டும். பிறகு ரிச்சி தெருவில் எம்.என்.3007 என்ற ஐ.சி. கிடைத்தது. பக்கெட் பிரிகேட் வகையைச் சேர்ந்தது. பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் சாங்ஸ்டரும் டீரும் 1969-ல் வெளியிட்ட உத்தி. தீப்பிடித்த வீட்டுக்குக் கிணற்றிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கொடுப்பார்களே, அதேதான். அந்தச் சின்னச் சில்லுக்குள் 1,024 கண்டென்சர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடமுள்ள மின்னூட்டத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுக்கின்றன. விநாடிக்கு 10,000 துடிப்பு என்றால் 51 மில்லி விநாடி தாமதம். நாலு சில்லை வரிசையாகப் போட்டு, துடிப்பை 12,000-க்குக் கொஞ்சம் கீழே வைத்தால் எங்கள் பழைய 174 வந்துவிடும். ஒரு குமிழைத் திருகினால் தாமதம் கூடும், குறையும். அதற்குப் பிறகு கம்பம் நகர வேண்டியிருக்கவில்லை. சத்தம் கொஞ்சம் மங்கும், பின்னால் மெல்லிய இரைச்சல் இருக்கும், ஆனால் பேச்சுக்கு அது தாராளம்.

இன்றைக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. நல்ல டிஜிட்டல் மிக்சரில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தாமதம் வைக்க இடம் இருக்கிறது. மீட்டரில் தூரத்தைப் போட்டால் மில்லி விநாடியை அதுவே போட்டுக்கொள்ளும். பெரிய மைதானக் கூட்டங்களில் நடுவில் கோபுரம் கட்டி அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தெருவிழாவுக்கு வரும் சின்ன செட்டில் இருப்பது வேறு. பி.டி.2399 என்று தைவான் சில்லு ஒன்று, விலை மிகக் குறைவு, சுமார் 30 முதல் 340 மில்லி விநாடி வரை தாமதம் தரும். அதாவது நாங்கள் அண்ணாவின் டேப்பையும் சோடா பாட்டிலையும் வைத்துக்கொண்டு செய்த முழு வேலையையும் அது நகத்தளவு இடத்தில் செய்யும். அதை எதற்கு வைக்கிறார்கள் தெரியுமா? 'எக்கோ' குமிழுக்கு! இல்லாத எதிரொலியை உண்டாக்க. கல்யாண மண்டபத்தில் வரவேற்கிறவர் பேச்சு, இரங்கல் கூட்டத்தில் மகன் பேசும் நாலு வரி, எல்லாமே "வணக்கம் ணக்கம் க்கம்" என்று வருகிறது. பேசுகிறவருக்கு அது கம்பீரமாகத் தெரியும். பின்வரிசையில் காது மந்தமாகிப்போன என் வயதுக்காரர்களுக்கு ஓர் அசைமேல் இன்னோர் அசை.

ஆகவே விழா நடத்துகிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது மூன்றே விஷயம். பேச்சு தொடங்கும் முன் எக்கோ குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பாட்டுக்கு வேண்டுமானால் பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள். தாமதம் வைக்க வசதி இல்லையென்றால் 200 அடி தள்ளி ஒரு பெரிய குழாய் கட்டாதீர்கள். 25, 30 அடிக்கு ஒரு சின்னப் பெட்டியாக, எல்லாவற்றையும் மேடைக்கு முதுகு காட்டி, குறைந்த சத்தத்தில் வையுங்கள். அடுத்தடுத்த பெட்டிகளின் வித்தியாசம் ஹாஸ் சொன்ன 30 மில்லி விநாடிக்குள் நின்றுவிடும், தூரத்துப் பெட்டியின் சத்தமும் அதற்குள் தேய்ந்துவிடும். மூன்றாவது, செட் போட்டு முடித்ததும் மேடையில் ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்கு நடந்து போய் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே யாராவது ஒரு பாட்டி முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருப்பார். வார்த்தை வருகிறதா என்று அவரையே கேட்டுவிடுங்கள்.